பற்று வரவு

துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றி
நாலு நாள்.
காசிமேட்டில் ஒரு போட்டும் போகவில்லை.
வார்ஃபில் கயிறு கயிற்றோடு உரசிக்கொண்டு கிடந்தது.
எங்கள் ஐஸ் கம்பெனி டேங்கில்
பார்கள் அப்படியே நின்றன,
எடுக்க ஆளில்லாமல்.
"கரண்டு பில்லுக்காவது வித்தாத் தேவலை"
என்று அருளப்பன் முதலாளி
மாதா படத்தைப் பார்த்துச் சொன்னது
எனக்கும் கேட்டது, தேசிங்குக்கும் கேட்டது.

ராத்திரி எட்டேகாலுக்கு
எர்ணாவூர்க்காரர்கள் விளக்கைப் பார்த்திருக்கிறார்கள்.
மழைக்குள் ஒரு தரம் வந்தது, திரும்பிப் போனது.
இன்னொரு தரம் வந்தது.
மூன்றாம் தரம்
அனல்மின் நிலையப் புகைபோக்கிக்கும் கீழே.
"மீனம்பாக்கம் அந்தாண்ட கீதுடா,
இங்க இன்னாத்துக்கு எறங்கற"
கூரை ஷீட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினானாம் ஒருவன்,
சந்துக்குள் நுழைந்த கன்டெய்னர் லாரியிடம் கத்துகிற மாதிரி.
முகத்துவாரத்துச் சாம்பல் சேற்றில்
அது விழுந்த சத்தம்
எங்களுக்கு இடியோடு இடியாகப் போய்விட்டது.

பதினொன்றரைக்கு போன்.
ஆஸ்பத்திரிப் பிணவறைக்குள் தண்ணீர்,
ஜெனரேட்டர் படுத்துவிட்டது,
ஐஸ் இருக்கா?
"இருக்கு" என்றார் முதலாளி.
அந்தப் பக்கம் வைத்த பிறகும்
ரிசீவரை அவர் வைக்கவில்லை.

ஆளுக்கு ரெண்டு பார்.
குழந்தைன்னா ஒண்ணு போதும்.

தேசிங்கு உடைக்கிற மிஷினைக் கழுவினான்.
வெந்நீர் ஊற்றி, மூன்று தரம்.
பல்லிடுக்கில் விரலை விட்டுச் சுரண்டி
எதையோ எடுத்து மழையில் வீசினான்.
"மேல ஒரு செதிலு ஒட்டிக்கினு கெடந்தா
அவங்க வூட்டாளுங்க இன்னா நெனப்பாங்க, சொல்லு."

முழங்காலுக்கு மேல் தண்ணீர். லாரி வராது.
மீன்பாடி வண்டிகள்தான் போயின,
என்ஜினை அணைத்துவிட்டு, பின்னால் நாலு பேர் தள்ள,
கோணி போட்டு மூடி.
வண்டிக்கு வண்டி நான் கோடு போட்டேன்.
விடிந்தபோது தொண்ணூற்று மூன்று.

டிவியில் நாற்பத்தெட்டுப் பேர் என்றார்கள்.
கூட்டிக் கழிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.
கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிறவளுக்கு
அது முடிகிற காரியமா.

பற்றுப் புத்தகத்தில் எல்லாம் போட்டுப் பேர்:
பாளையத்தம்மன், ஜெசிந்தா, மூணு அண்ணன்.
அதன் கீழே என்ன பேர் எழுதுவது?
'விமானம்' என்று எழுதினேன்.
தேதி, பார், தொகை.

கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார்.
வாசல் ஈரத்தில் ஷூ படாமல் நின்றுகொண்டு
மூன்று கொட்டேஷன் கேட்டார்.
இன்னும் ரெண்டு ஐஸ் கம்பெனியில்
அந்த ராத்திரிக்கு விலை வாங்கி வரணுமாம்.
முதலாளி அவருக்கு டீ சொல்லி அனுப்பினார்.
மார்ச் கடைசியில் என்னிடம்,
"அத்த அடிச்சிடு, பிலோமினா."
அடிக்கவில்லை.
புதுப் புத்தகத்தில் முன்பாக்கி என்று ஏற்றினேன்.

ஆனி மாதம், உச்சி வெயிலில், இன்னொருவர்.
தமிழ் பாதி, தெலுங்கு பாதி.
முகத்துவாரத்துக்குப் போய்விட்டு வந்திருக்கிறார்,
செருப்பில் சாம்பல் காய்ந்திருந்தது.
தேசிங்கிடம் எதையோ கேட்டார்.
அவன் கையால் நீளம் காட்டிச் சொன்னான்,
பாதியில் காட்டுவதை நிறுத்திக்கொண்டான்.
டேங்கிலிருந்து அப்போதுதான் தூக்கின பார் ஒன்று
தரையில் புகை விட்டுக்கொண்டு கிடந்தது.
குனிந்து உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.
நாங்கள் ஒரு நொடிக்குமேல் வைக்க மாட்டோம்.
அவர் எடுக்கவில்லை.

பிறகு என் மேஜைக்கு வந்து
ஒரு பார் என்ன விலை என்றார்.
நூற்று நாற்பது.
எண்ணி வைத்தார். ஒன்றுக்கு மட்டும்.
பில் போடவா என்று கேட்டதற்கு
என்னவோ சொன்னார், தெலுங்கில்.

வரவு: ஒன்று.
பாக்கி: தொண்ணூற்றிரண்டு.

இப்போதும் கார்த்திகையில் கூண்டு ஏற்றுகிறார்கள்,
போட்டெல்லாம் கட்டிக் கிடக்கிறது.
டேங்க் நிறைய பார்.
முதலாளி வியாபாரத்தைப் பற்றி
வாய் திறப்பதில்லை.
மழைக்குள் சத்தம் கேட்டால்
தேசிங்கு மிஷினை நிறுத்துகிறான்,
அது தெற்கே போய்ச் சேரும் வரைக்கும்.